பளிச் நிறமா, மங்கலா, திட்டு அச்சா, பொது அச்சா: ஒரு படைக்கு எந்த உடை?

ஏதாவது ஒரு நாட்டுப் படை புதுச் சீருடை அறிவித்தால் போதும், இணையத்தில் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சிக்குப் பழையதுதான் கம்பீரம், இன்னொரு கட்சிக்குப் புதியதுதான் விஞ்ஞானம். இரண்டு கட்சியும் ஒரு புகைப்படத்தை, அதுவும் கையளவு திரையில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகின்றன. முடிவெடுக்க வேண்டியவர்கள் முன்னால் இருக்கும் கேள்வி வேறு. இந்தச் சிப்பாய் யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும், யார் கண்ணுக்குத் தெரியக் கூடாது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம்? சுமார் நானூறு ஆண்டுகளாகப் படைகள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த உடைகளை இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பிரித்தால் மொத்தம் நான்கு வழிகள்தான் தேறும். தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கிற பளிச் நிறம் ஒன்று. மண்ணோடு ஒட்டிப்போகிற ஒரே மங்கல் நிறம் இன்னொன்று. காட்டுக்கு ஒன்று, பாலைக்கு ஒன்று என்று நிலத்துக்குத் தகுந்தபடி பல நிறத் திட்டுகளைத் துணியில் அச்சடிக்கும் திட்டு அச்சு மூன்றாவது. எங்கே போனாலும் இதுதான் என்று எல்லா நிலத்துக்கும் பொதுவாக ஒரே அச்சு நான்காவது.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வழியை, அதாவது வெறும் காக்கியையும் வெறும் பச்சையையும், இன்றைக்கு எல்லோரும் தேவைக்கு அதிகமாக மட்டம் தட்டுகிறார்கள். நான்காவது வழி கேட்பதற்கு ரொம்பப் புத்திசாலித்தனமாக இருக்கும், ஆனால் கவனமில்லாமல் இறங்கினால் நான்கிலும் அதுதான் அதிகச் செலவு வைக்கும்.

சரி, பளிச் நிறத்திலிருந்து வருவோம். சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போனவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்க வசதியாக இருக்கிறது, ஆனால் அது தப்பு. இங்கிலாந்தில் 1645-ல் உருவான புதுப் படை ஒரே மாதிரிச் சிவப்புக் கோட்டு போட்டபோது அதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. அந்தக் காலத்துத் துப்பாக்கியால் நூறு கெஜத்துக்கு அப்பால் இருக்கும் தனி ஆளைக் குறிவைத்து அடிப்பது கிட்டத்தட்ட அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால் ஒளிந்துகொள்வதால் பெரிய லாபம் இல்லை. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதில்தான் பலம் இருந்தது. முதல் இரண்டு சுற்று சுட்டதும் கருமருந்துப் புகை களத்தை மூடிவிடும். அந்தப் புகைக்குள் தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பட்டாளம் பின்வாங்குகிறது என்று தளபதி தூரத்துக் குன்றிலிருந்து பார்த்துத்தான் உத்தரவு போட வேண்டும். ஆக சிவப்பு என்பது எதிரிக்காகப் போட்டதல்ல, சொந்தத் தளபதிக்காகவும் பக்கத்தில் நிற்பவனுக்காகவும் போட்டது. தப்பி ஓடுகிறவனை ஊருக்குள் கண்டுபிடிக்கவும் உதவியது என்பது உபரி.

விலையும் ஒரு காரணம். சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வகைச் செடியின் வேரிலிருந்து எடுத்த மலிவான சாயம். அதிகாரியின் கோட்டுக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த சாயம், அது இன்னும் பளீரென்று இருக்கும். ஆஸ்திரியப் படை இன்னும் சிக்கனம் பார்த்தது. சாயமே போடாத கம்பளியில் வெள்ளைக் கோட்டு தைத்துவிட்டது. நெப்போலியன் காலத்தில் கடல் வழி அடைபட்டு நீலச் சாயம் வருவது குறைந்தபோது பிரான்சும் 1806-ல் சில பட்டாளங்களுக்கு வெள்ளைக் கோட்டு கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டே கைவிட்டது. சீருடை நிறம் என்பது போர்க்கலை நிபுணர்கள் மட்டும் உட்கார்ந்து எடுத்த முடிவு என்று நினைப்பவர்கள் இந்தச் சாயக் கணக்கை ஒருமுறை பார்த்தால் போதும்.

பளிச் நிறத்தின் காலத்தை முடித்து வைத்தது அழகுணர்ச்சி இல்லை, துப்பாக்கி. குழலுக்குள் மரை வெட்டிய ரைஃபிள் வந்ததும் தனி ஆளைக் குறிவைப்பது சாத்தியமானது. பிரிட்டனில் 1800-ல் தொடங்கிய ரைஃபிள் படைக்கு, பின்னாளில் 95-ஆவது ரைஃபிள்ஸ் என்று பெயர் வாங்கிய படைக்கு, ஆரம்பத்திலிருந்தே கரும்பச்சை உடை. அவர்கள் சிதறி நின்று, மறைந்திருந்து சுடுகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் வேறு உடை. அப்புறம் 1884-ல் பிரான்சில் பால் வியே புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார், 1886-ல் அதைப் பயன்படுத்தும் லெபல் ரைஃபிள் வந்தது. புகை போய்விட்டது. சுட்டவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை, ஆனால் சிவப்புக் கோட்டுக்காரன் அரை மைல் தூரத்திலிருந்தே தெரிகிறான். அதற்கு மேல் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருந்தது, அதுவும் பிரான்சிலேயே. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உடைத் தேர்வு எப்படிக் கெடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பிரிட்டன் காக்கிக்குப் போய்விட்டது, ஜெர்மனி 1907-ல் சாம்பல் பச்சையைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பிரான்ஸ் மட்டும் நீலக் கோட்டும் சிவப்புக் கால்சட்டையுமாக நின்றது. போர் அமைச்சராக இருந்த அடோல்ஃப் மெஸ்ஸிமி மங்கலான பச்சை உடையைக் கொண்டுவர முயன்றார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. சிவப்புக் கால்சட்டைதான் பிரான்ஸ் என்று முன்னாள் போர் அமைச்சர் எஜென் எத்தியன் முழங்கியதாகச் சொல்வார்கள். கடைசியில் 1914 ஜூலையில், போர் வெடிக்கச் சில வாரங்களே இருந்தபோது, புதுத் துணிக்குச் சட்டம் நிறைவேறியது. அதிலும் ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள்: நீலம், வெள்ளை, சிவப்பு என்று தேசியக் கொடியின் மூன்று நிற நூல்களையும் கலந்து நெய்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது மங்கலாகத் தெரியும், பெருமைக்கும் குறைவில்லை. நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சிவப்பு நூலுக்கான செயற்கைச் சாயம் ஜெர்மனியிலிருந்து வர வேண்டியிருந்தது! போர் தொடங்கியதும் அது நின்றது. மீதமிருந்த நீலத்தையும் வெள்ளையையும் மட்டும் கலந்து நெய்ததில் வந்ததுதான் பிறகு அந்தப் படைக்கே அடையாளமாகிப் போன வெளிர் நீலம். அது பரவலாகக் கைக்கு வருவதற்குள் 1914 போய்விட்டது. ஆகஸ்ட் 22 என்ற ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சுச் சிப்பாய்கள் மாண்டார்கள். அத்தனை சாவுக்கும் கால்சட்டையைக் குற்றம் சொல்வது அபத்தம். பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும், திறந்த வெளியில் நேராகப் பாய்ந்த போர்முறையும்தான் முக்கியக் காரணம். ஆனால் சிவப்புக் கால்சட்டை யாரையும் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை.

இனி மங்கல் நிறம். 1846-ல் பெஷாவரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படையிலிருந்து காக்கியின் கதையைத் தொடங்குவது வழக்கம். 1857 கலவரத்தின்போது வெள்ளை உடையோடு மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் பட்டாளங்கள் டீ, காப்பி, மண் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுத் துணியை முக்கி எடுத்தன. துவைத்தால் வெளுக்கும், ஒரே அணியில் நிற்கும் பத்துப் பேர் பத்து நிறத்தில் இருப்பார்கள். காக்கி பரவுவதற்கு இருந்த பெரிய தடை பிடிவாதத்தைவிடச் சாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது; 1880-களில் லங்காஷயர் துணித் தொழிலில் வெளுக்காத காக்கிச் சாயம் கைகூடிய பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கடல் கடந்து போகும் பிரிட்டிஷ் சிப்பாய் எல்லோரும் காக்கிக்கு வந்துவிட்டார்கள். பிரிட்டிஷ் படை சிவப்புக் கோட்டோடு சண்டை போட்ட கடைசிக் களம் என்று 1885 டிசம்பரில் சூடானில் நடந்த கின்னிஸ் சண்டையைச் சொல்வார்கள்.

பிறகு 1899-ல் தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களோடு போர். அங்கே காக்கி போட்டும் அடி விழுந்தது, ஏனென்றால் துணி மட்டும்தான் மங்கலாக இருந்தது. வெள்ளை பெல்ட் மின்னியது, பட்டன் மின்னியது, கையில் வாளோடு முன்னால் நடப்பவர்தான் அதிகாரி என்பது மவுசர் ரைஃபிளோடு பாறைக்குப் பின்னால் படுத்திருந்தவனுக்கு நன்றாகவே தெரிந்தது. அதிகாரிகள் வாளை விட்டுவிட்டுச் சிப்பாய் மாதிரியே ரைஃபிள் தூக்கினார்கள், பெல்ட்டுக்கும் சாயம் ஏறியது. முதல் உலகப்போரிலும் இதே கதை. பிரிட்டிஷ் அதிகாரியின் பதவிச் சின்னம் மணிக்கட்டுப் பக்கம் பெரிதாகத் தைத்திருந்தது, குறிபார்த்துச் சுடுகிறவனுக்கு அது பெரிய உதவி. பலர் அதைப் பிரித்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். மங்கல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் தலையிலிருந்து கால்வரை எல்லாமே மங்கலாக வேண்டும், பாதி வேலை செய்தால் பலன் இல்லை.

மங்கல் நிறத்தின் பலம் என்னவென்று பார்த்தால், பட்டியல் சலிப்பானதாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் கனமானது. எந்த மில்லிலும் சாயம் தோய்க்கலாம். அச்சு உரிமை, காப்புரிமை என்று யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. சட்டை கிழிந்தால் சட்டையை மட்டும் மாற்றலாம், பழையதும் புதியதும் கலந்து போட்டாலும் கண்ணை உறுத்தாது. பை, பெல்ட், ஹெல்மெட் உறை எல்லாம் ஒரே குடும்பத்து நிறத்தில் கிடைக்கும். மேலே எதையாவது போர்த்திக்கொண்டால் வேறு நிலத்துக்கும் போகலாம்: 1939-40 குளிர்காலப் போரில் பின்லாந்துச் சிப்பாய்கள் தங்கள் சாதாரண உடைக்கு மேல் ஒரு வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு பனியோடு பனியாகிவிட்டார்கள், எதிரில் சோவியத் படையின் காக்கி உடையும் பச்சை டாங்கிகளும் பனியில் மை கொட்டியது போலத் தெரிந்தன. ஒரு வெள்ளைத் துணி என்ன விலை இருந்துவிடப் போகிறது? இஸ்ரேல் படை இன்றைக்கும் திட்டு எதுவும் இல்லாத வெறும் ஆலிவ் பச்சையில்தான் இருக்கிறது, வசதியோ தொழில்நுட்பமோ இல்லாமல் இல்லை.

பலவீனம் ஒன்றுதான், ஆனால் அது நிஜமானது. மனித உருவத்தைக் கண் மிகச் சீக்கிரம் அடையாளம் கண்டுவிடும். தலை, தோள், இரண்டு கை என்ற அந்த வெளிக்கோடு ஒரே நிறத்தில் இருந்தால் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் நூறு மீட்டருக்குள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அந்த வெளிக்கோட்டை உடைக்கத்தான் திட்டு அச்சு.

திட்டு அச்சு முதலில் வந்தது உடையில் அல்ல, கூடாரத்தில். இத்தாலி 1929-ல், ஜெர்மனி 1931-ல் கூடாரத் துணியில் திட்டுத் திட்டாக அச்சடித்தன. அதையே மழைக்குப் போர்த்திக்கொள்ளலாம். இரண்டாம் உலகப்போர் சமயம் ஜெர்மானியர்கள் ஒருபக்கம் வசந்தகாலப் பச்சை, திருப்பிப் போட்டால் இலையுதிர்காலப் பழுப்பு என்று இரண்டுபக்க மேலங்கி வைத்திருந்தார்கள். அமெரிக்கா 1942-ல் தவளைத் தோல் மாதிரிப் புள்ளிகள் போட்ட இரண்டுபக்க உடையைப் பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட மரைன்களுக்கு, அதாவது கடலிலிருந்து கரையிறங்கிச் சண்டையிடும் தனிப் படைக்கு, கொடுத்தது. அதே உடையை 1944-ல் பிரான்சின் நார்மண்டியில் சில அமெரிக்கப் பிரிவுகள் போட்டுக்கொண்டு இறங்கியபோது சொந்த ஆட்களே அவர்களை ஜெர்மானியர்கள் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள், ஏனென்றால் அந்தக் களத்தில் புள்ளி உடை என்றாலே எதிரி என்று மனதில் பதிந்திருந்தது. உடை திரும்பப் பெறப்பட்டது. உருமறைப்பாக அது மோசமான உடை இல்லை, களத்தில் இன்னொருவன் ஏற்கனவே அதே மாதிரி போட்டிருந்தான், அவ்வளவுதான். நம் அச்சு எந்த எதிரியின் அச்சைப் போல இருக்கிறது என்பதை வரைபலகையிலேயே பார்த்துவிட வேண்டும்.

நிலத்துக்கு ஓர் அச்சு என்ற வழியில் உருமறைப்பு மட்டும் என்று பார்த்தால் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஜெர்மனியின் ஐந்து நிறப் புள்ளி அச்சு ஐரோப்பியக் காட்டுக்கு என்றே செய்தது, காட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஆனால் சொன்ன நிலத்தைவிட்டு நகர்ந்தால் கதை மாறும். அமெரிக்கா 1960-களில் கலிபோர்னியாப் பாறைப் பாலைவனத்தை மனதில் வைத்து ஆறு நிற அச்சு ஒன்றைச் செய்தது. வெளிர்ப் பழுப்பில் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் சிதறியது போல இருக்கும், சாக்லேட் சிப் என்று கிண்டல் பெயர். 1991 வளைகுடாப் போரில் அதைப் போட்டுக்கொண்டு போனால் அங்கே கூழாங்கல்லைக் காணோம், கண்ணுக்கெட்டிய தூரம் மணல். பிறகு மூன்று நிறத்தில் எளிமையான அச்சுக்கு மாறினார்கள். அதுவும் பாலைவனம், இதுவும் பாலைவனம்தானே என்று மேஜையில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

இன்னொரு தொல்லை கிடங்கில் வரும். இரண்டு அச்சு என்றால் இரண்டு மடங்கு சட்டை, இரண்டு மடங்கு தொப்பி, இரண்டு மடங்கு ஹெல்மெட் உறை, இரண்டு மடங்கு கவசம். இதில் கடைசி ஐட்டத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். 2003-ல் ஈராக்குக்குள் போன அமெரிக்கச் சிப்பாய்களின் படங்களைப் பாருங்கள்: மணல் நிறச் சட்டை, மணல் நிறக் கால்சட்டை, நடுவில் நெஞ்சை முழுக்க மூடியபடி காட்டுப் பச்சைக் கவசம். துணி மாற்றப் பணம் இருந்தது, கவசம் போதிய அளவு மணல் நிறத்தில் கிடைக்கவில்லை. உடம்பின் மிகப் பெரிய பரப்பு கவசத்துக்குள் இருக்கும்போது சட்டை எந்த அச்சாக இருந்தால் என்ன?

இந்தத் தலைவலி எல்லாம் வேண்டாம், ஒரே அச்சில் முடித்துவிடலாம் என்ற ஆசையிலிருந்து பிறந்ததுதான் நான்காவது வழி. அமெரிக்கத் தரைப்படை 2004 ஜூனில் பிக்சல் கட்டங்கள் போட்ட பொது அச்சை அறிவித்தது. மணல், சாம்பல், சாம்பல் கலந்த பச்சை என மூன்றே நிறம். காடு, பாலை, நகரம் மூன்றுக்கும் இது ஒன்றே என்றார்கள். பிக்சல் அச்சின் மேல் தப்பு இல்லை. கனடாவின் பிக்சல் அச்சும் அமெரிக்க மரைன்களின் பிக்சல் அச்சும் அதற்கு முன்பே வந்து நன்றாகவே உழைத்தன. சின்னக் கட்டங்கள் கிட்டத்தில் இலை, தழை மாதிரி கண்ணை ஏமாற்ற, அந்தக் கட்டங்கள் சேர்ந்து உண்டாக்கும் பெரிய திட்டுகள் தூரத்தில் உருவத்தை உடைக்க வேண்டும், அதுதான் அதன் சூட்சுமம். மரைன்கள் காட்டுக்கு ஒன்று, பாலைக்கு ஒன்று என்று நிறத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். தரைப்படையின் பொது அச்சில் பெரிய திட்டும் இல்லை, அடர்நிறமும் இல்லை. மூன்று நிறமும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்ச அளவில் இருந்ததால் கொஞ்ச தூரம் தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் கலந்து வெளிர் சாம்பலாக ஒரு மனித உருவம் நிற்கும். பச்சைப் புதரின் முன்னால் அது பளிச் நிறம்தான், சிவப்பு அளவுக்கு இல்லை, அவ்வளவே. எல்லா இடத்துக்கும் பொருந்த வேண்டும் என்று சராசரி எடுத்தார்கள், அந்தச் சராசரி நிறத்தில் பூமியில் நிலம் அதிகம் இல்லை.

விளைவு வரிசையாக வந்தது. ஆப்கானிஸ்தானில் இருந்த சிப்பாய்களின் புகார் நாடாளுமன்றம் வரை போய், 2009-ல் வேறு அச்சு பார்க்கச் சொல்லி அழுத்தம் வந்தது. 2010-லிருந்து அங்கே போகும் பிரிவுகளுக்கு மல்டிகேம் என்ற பழுப்பு, பச்சை கலந்த அச்சு கொடுக்கப்பட்டது. கடைசியில் தரைப்படை முழுவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு அச்சுக்கு மாறியது. பொது அச்சால் ஆன செலவு 500 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2012-ல் சொன்னது: 2002-க்குப் பிறகு அந்த நாட்டின் படைகள் ஆளுக்கொரு திசையில் போய் ஏழு புது உருமறைப்பு உடைகளைக் கொண்டுவந்திருந்தன, அதில் மூன்று பொது அச்சு. பொது அச்சே மூன்று!

இதே காலத்தில் வந்த இன்னொன்று கடற்படையின் நீலப் பிக்சல் உடை. கப்பல் மேல்தளத்தில் நீல உருமறைப்பு யாரிடமிருந்து மறைவதற்கு என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை, கடலில் தவறி விழுந்தால் தேட வருகிற சொந்தக் கப்பலிடமிருந்துதான் மறைய முடியும். கறை தெரியாது என்பதுதான் அதற்குச் சொன்ன உருப்படியான காரணம். 2019-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இன்னும் மோசமான தேர்வு ஆப்கன் படைக்கு நடந்தது. அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் ஒரு தனியார் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துப் பிடித்துப்போன காட்டு அச்சு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், பணம் கொடுத்தது அமெரிக்கா. 2017-ல் அமெரிக்கச் சிறப்புத் தணிக்கையாளர் கணக்குப் பார்த்தபோது, உரிமையுள்ள அந்த அச்சால் பத்தாண்டுகளில் 2.8 கோடி டாலர் வரை கூடுதலாகச் செலவாகியிருந்தது. ஆப்கானிஸ்தானில் காடு இருப்பது மொத்த நிலத்தில் 2.1 சதவீதம். ஓர் அச்சை அதன் அழகுக்காக எடுப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பொது அச்சு எப்போதும் தோற்கும் என்று சொல்ல வரவில்லை. பிரிட்டன் 2010-ல் தன் பழைய தூரிகைத் தீற்றல் வடிவத்தை வைத்துக்கொண்டு மல்டிகேமின் நிறங்களை அதில் ஏற்றி ஒரு பல்நில அச்சு செய்தது. அது உழைக்கிறது, ஏனென்றால் அதில் அடர்நிறம் இருக்கிறது, வெளிர்நிறமும் இருக்கிறது, இடையில் படிப்படியாகக் கலக்கும் பழுப்பும் பச்சையும் இருக்கின்றன. எந்த நிலத்திலும் அதில் ஏதோ ஒரு பகுதி பின்புலத்தோடு ஒட்டிக்கொள்ளும், மீதி உருவத்தை உடைக்கும். அடர் மழைக்காட்டிலோ வெறும் மணலிலோ அது தனி அச்சுக்கு ஈடாகாது. ஆனால் இரண்டு கிடங்கு வேண்டாம் என்கிற வசதிக்கு அந்த இழப்பு தாங்கக்கூடியது.

இதுவரை நிறத்தையே பேசிக்கொண்டிருந்தேன். உடையை மாதக்கணக்கில் போடுகிறவனைக் கேட்டால் நிறத்தைப் பற்றிக் கடைசியாகத்தான் பேசுவான். முதலில் துணி. பருத்தியோடு நைலான் பாதிக்குப் பாதி கலந்தால் எளிதில் கிழியாது, சீக்கிரம் காயும், ஆனால் தீப்பிடித்தால் நைலான் உருகித் தோலோடு ஒட்டும். ஈராக்கில் சாலையோரக் குண்டுகளில் தீக்காயம் பெருகியபோது அமெரிக்க மரைன் படை 2006-ல் முகாமுக்கு வெளியே போகும்போது செயற்கை இழை பனியன் போடக் கூடாது என்று தடை போட்டது. மேலே சொன்ன கடற்படை நீல உடையும் 2012-ல் தீச்சோதனையில் எரிந்து உருகியது. கப்பலில் தீதான் பெரிய பயம் என்பதை நினைத்தால் இந்தத் தேர்வு எப்படி நடந்தது என்று வியப்பாக இருக்கும். இந்தியத் தரைப்படை 2022 ஜனவரி 15 அன்று காட்டிய பிக்சல் உடையில் பருத்தி 70, பாலியஸ்டர் 30 சதவீதம் என்று அறிவித்தார்கள், வெயிலில் போடுகிற உடைக்குப் பருத்தி பக்கம் சாய்ந்தது புரிகிறது. தீக்குப் பக்கத்தில் வேலை செய்கிற டாங்கிக் குழுவுக்கும் ஹெலிகாப்டர் குழுவுக்கும் எந்தப் படையாக இருந்தாலும் தீப்பிடிக்காத துணி தனியாகத்தான் கொடுக்க வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அப்புறம் தையல். அமெரிக்கப் பொது அச்சு உடையில் பட்டனை எடுத்துவிட்டு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்தார்கள். கவசத்துக்குள் பட்டன் குத்தாது, பெயர்ப்பட்டையை நொடியில் மாற்றலாம் என்பது கணக்கு. களத்தில் என்ன ஆனது என்றால், தூசியும் நூல்பிசிறும் அடைத்துக்கொண்டு சில மாதங்களில் பிடிப்பு போய்விடும். இரவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது தொடைப் பாக்கெட்டைத் திறந்தால் அந்தக் கிழிக்கிற சத்தம் பக்கத்துச் சந்து வரை கேட்கும். ஆப்கானிஸ்தானுக்கென்று தைத்த உடையின் கால்சட்டைப் பாக்கெட்டில் பட்டன் திரும்பி வந்தது. சட்டைக்கும் ஒரு நல்ல மாற்றம் நடந்தது: கவசத்துக்குள் மறைந்துபோகும் நெஞ்சுப் பகுதிக்கு அச்சும் வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம், அங்கே வியர்வை உறிஞ்சும் மெல்லிய பின்னல் துணி, கைக்கு மட்டும் அச்சுத் துணி. பிரிட்டனும் அமெரிக்காவும் இதைத்தான் சண்டைக்குப் போடுகின்றன. என்னைக் கேட்டால் இந்த நூற்றாண்டில் சிப்பாய்க்குக் கிடைத்த உண்மையான உடை முன்னேற்றம் இதுதான், எந்தப் பிக்சலும் இல்லை.

சலவையையும் விட்டுவிட முடியாது. இருட்டில் பார்க்க உதவும் நைட் விஷன் கருவி பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்து. அதனால் அச்சுச் சாயம் பகலில் பச்சையாக இருந்தால் போதாது, அந்த ஒளியையும் இலை, மண் அளவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த துணியைக் கஞ்சி போட்டு விறைப்பாக இஸ்திரி போட்டாலோ, வெண்மை கூட்டும் சலவைத்தூளில் துவைத்தாலோ அந்தக் குணம் கெட்டு, இருட்டில் துணி மட்டும் தனியாக மினுங்கும். கஞ்சி போடாதே என்று விதிப்புத்தகத்தில் எழுதியிருப்பதற்குக் காரணம் இது. அணிவகுப்பில் மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற படை, களத்து உடையையே அணிவகுப்புக்கும் போடச் சொன்னால் இந்தச் சண்டை தீராது. சிவப்போ நீலமோ அணிவகுப்புக்கு ஒரு தனி உடை வைத்துக்கொள்வது வீண் ஆடம்பரம் என்று நான் நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, முடிவுக்கு வந்தால் எதை எடுப்பது? ஒரே மாதிரி நிலத்தில் நிற்கிற, பணம் அளவாக இருக்கிற படை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு மங்கல் நிறம் என்பேன். அச்சுக்குப் போகும் பணத்தைத் துணியிலும் பூட்ஸிலும் போடலாம். காடும் மேடும் வயலும் கலந்த, ஆனால் பாலையும் பனியும் இல்லாத நாட்டுக்கு நல்ல அடர்நிறம் உள்ள ஒரு பல்நில அச்சு போதும். அடர்காடு ஒரு மூலை, மணல் இன்னொரு மூலை என்று எல்லை நீண்டிருந்தால், ஒரே வடிவத்தை இரண்டு நிறத்தொகுப்பில் அச்சடித்து வைத்துக்கொள்வதுதான் சரி, மரைன்கள் செய்ததைப் போல. அந்த வழியில் பையும் கவசமும் இரண்டுக்கும் நடுவான ஒரே பழுப்பில் இருந்தால் 2003-ல் நடந்த கூத்து நடக்காது. பனிக்குத் தனி உடை வேண்டாம், மேலே போடும் வெள்ளை உறை போதும். நகரத்துக்கென்று சாம்பல் அச்சு கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், அதில் பெரிதாகப் பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எந்த அச்சானாலும் தெர்மல் கேமராவுக்கு முன்னால் ஒன்றும் நடக்காது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. அது பார்ப்பது உடம்புச் சூட்டை, அதற்குச் சாயம் ஒரு பொருட்டில்லை. தலைக்கு மேல் ட்ரோன் சுற்றுகிற காலத்தில் அச்சில் கடைசிப் பத்து சதவீத நேர்த்திக்காகப் பல ஆண்டு ஆராய்ச்சி செய்வதைவிட அந்தப் பணத்தில் வெப்பத்தை மறைக்கும் போர்வையும் வலையும் வாங்கலாம். சொந்த ஆளை அடையாளம் காண்கிற சிக்கல் வேறு அப்படியே இருக்கிறது. 2022-லிருந்து உக்ரைன் போரில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரியான பச்சை அச்சில் இருந்ததால், கையிலும் காலிலும் ஹெல்மெட்டிலும் பளிச்சென்று நிற டேப் சுற்றிக்கொண்டார்கள்: உக்ரைன் தரப்பில் மஞ்சள், நீலம், பச்சை, ரஷ்யத் தரப்பில் வெள்ளை, சிவப்பு. பல ஆயிரம் கோடி போட்டு ஒளித்து வைத்த உருவத்தின் மேல் டேப். இது தவிர்க்க முடியாதது என்றால் அதற்கென்று கழற்றி மாட்டும் பட்டையை உடையோடு சேர்த்தே வடிவமைத்துவிடலாமே, கடையில் டேப் வாங்க விடுவானேன்?

முடிவெடுத்த பிறகு மாற்றும் வேகம் ஒன்று இருக்கிறது. ஒரே நாளில் எல்லோருக்கும் புது உடை என்றால் கிடங்கில் இருக்கும் பழைய துணி அத்தனையும் நஷ்டக் கணக்கு, புதுத் துணிக்கு மில்கள் சொல்வதுதான் விலை. அமெரிக்கத் தரைப்படை பொது அச்சை மாற்றியபோது இந்த ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகச் செய்தது. 2015 ஜூலையில் புதிய உடை விற்பனைக்கு வந்தது, பழையதைப் போடலாம் என்ற அனுமதி 2019 செப்டம்பர் கடைசி வரை இருந்தது. அந்த நான்கு ஆண்டுகளும் பழைய மணல் நிற பூட்ஸையும் பனியனையும் பெல்ட்டையும் புது உடையோடு போட்டுக்கொள்ளவும் விட்டார்கள். புது அச்சின் நிறங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே, கையில் இருக்கும் பூட்ஸ் அதோடு போகுமா என்று பார்த்துவிட்டால் அந்த நான்கு ஆண்டுகளும் பெரிய சிரமம் இல்லாமல் ஓடிவிடும்.